மாற்று ஒளிப்பட முறைகளும் மாணவர் பயிலகமும்: கைவினை அச்சின் மறைவும் மீட்பும் (1842–1979)

ஆய்வுச் சுருக்கம்

நீல அச்சு, பிசின் அச்சு, பிளாட்டினம் அச்சு முதலியன இன்று 'மாற்று ஒளிப்பட முறைகள்' என்ற பொதுப்பெயரால் வழங்கப்படுகின்றன. இவை தோன்றிய பத்தொன்பதாம் நூற்றாண்டில் இப்பெயர் இவற்றிற்கு இல்லை. தொழிற்சாலைத் தாளும் சுருளும் ஒளிப்படத்தின் இயல்பு வழியாக நிலைபெற்ற பின்னரே இவை மாற்று ஆயின. சந்தையிலிருந்து மறைந்த இவ்வறிவு எங்கு, யாரால் காக்கப்பட்டது என்ற வினாவை இக்கட்டுரை எழுப்புகிறது. நியூயார்க்கின் கிளாரன்ஸ் வைட் பள்ளி, சிகாகோவின் புதிய பௌஹாஸ், இந்தியானா பல்கலைக்கழகம் ஆகிய மூன்று கல்விக்களங்களை முன்வைத்து, பிழைசெய்து கற்க இடமளித்த மாணவர் பயிலகமே இம்மீட்பின் முதன்மைக் களம் என்பதை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: நீல அச்சு, பிசின் அச்சு, பிளாட்டினம் அச்சு, ஒளிப்படக் கல்வி, கைவினை அறிவு

முன்னுரை

ஒளிப்பட வரலாறு பெரும்பாலும் கருவிகளின் வரலாறாகவோ கலைஞர்களின் வரலாறாகவோ எழுதப்படுகிறது. முதல்வகை வரலாற்றில் ஒரு முறை வழக்கொழிந்தால் அது முடிந்துபோன கதை. இரண்டாம்வகை வரலாற்றில் அது தனியொருவர் நடையின் அடையாளம். இவ்விரண்டிலும் இடம்பெறாத ஒருவர் உண்டு, அவர் மாணவர். ஒரு தாளில் வேதிக்கரைசலைப் பூசி, வெயிலில் வைத்து, நீரில் கழுவி, கறைபடிந்த தோல்வியைக் கையில் ஏந்தி, மறுநாள் விகிதத்தை மாற்றிப் பார்ப்பவர் அவரே. அவருடைய சோதனைகளுள் பெரும்பாலானவை காட்சிக்கு வருவதில்லை. ஆயினும் கைவினை அறிவு தலைமுறை கடந்து வந்ததற்கு அச்சோதனைகளே வழி என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

1. அனைவரும் பயில்வோராக இருந்த காலம்

ஜான் ஹெர்ஷல் 1842இல் சயனோடைப் எனப்படும் நீல அச்சு முறையை அறிவித்தார். அம்மோனியம் ஃபெரிக் சிட்ரேட், பொட்டாசியம் ஃபெரிசயனைடு ஆகிய இரு உப்புகளின் கரைசல்களைக் கலந்து தாளில் பூசி உலர்த்த வேண்டும். புற ஊதாக் கதிர் பட்ட இடங்களில் இரும்பு உப்பு வேதிமாற்றம் அடைந்து, கரையாத நீல நிறமி உண்டாகிறது. ஒளிபடாத இடங்களில் உள்ள உப்பு வெறும் நீரில் கரைந்து நீங்குகிறது. வெள்ளியோ தனி நிலைநிறுத்தியோ தேவைப்படாத முறை இது.

ஹெர்ஷல் அறிவித்த மறு ஆண்டே, 1843இல், அன்னா அட்கின்ஸ் இம்முறையால் பிரித்தானியக் கடற்பாசிகளின் படத்தொகுப்பை வெளியிடத் தொடங்கினார். தாவரத்தை நேரடியாகத் தாள்மீது வைத்து ஒளிபடச் செய்த பதிவுகள் அவை. 1853 வரை பகுதி பகுதியாக வெளிவந்த அப்பணியில் பல்லாயிரம் தாள்கள் கையால் பூசப்பட்டிருக்க வேண்டும். அட்கின்ஸ் ஒளிப்படப் பள்ளி எதிலும் பயின்றவரல்லர். அன்று அத்தகைய பள்ளிகளும் இல்லை. தந்தையின் நட்பு வட்டத்தில் ஹெர்ஷல் இருந்தமையால் முறை அவர் கைக்கு விரைவில் எட்டியது. அக்காலத்தில் கண்டறிந்தவருக்கும் கற்பவருக்கும் இடையே தொலைவு குறைவாக இருந்தது என்பதற்கு இது சான்று.

பிற முறைகளும் இவ்வாறே பரவின. மங்கோ போன்டன் 1839இல் பொட்டாசியம் டைகுரோமேட் தடவிய தாள் ஒளிக்கு மாறுவதைக் காட்டினார். டைகுரோமேட் கலந்த ஜெலட்டினும் பிசினும் ஒளிபட்டால் இறுகும் என்ற அறிவு 1850களில் அச்சு முறைகளாக விரிந்தது. வில்லியம் வில்லிஸ் 1873இல் பிளாட்டினம் அச்சுக்குக் காப்புரிமை பெற்றார்.

தமிழகமும் இவ்வரலாற்றுக்கு அயலானதன்று. அலெக்சாண்டர் ஹண்டர் 1850இல் சென்னையில் தொடங்கிய கலைப்பள்ளியில் அந்நூற்றாண்டின் நடுப்பகுதியிலேயே ஒளிப்படமும் பயிற்றப்பட்டது. மதுரை, தஞ்சாவூர் முதலிய இடங்களை 1858இல் படம்பிடித்த லின்னேயஸ் டிரைப் காகித எதிர்ப்படங்களைப் பயன்படுத்தினார். கண்ணாடித் தகட்டில் ஈரம் உலருமுன் வேலையை முடிக்க வேண்டிய முறையைவிட, முன்கூட்டியே ஆயத்தம் செய்யத்தக்க மெழுகுத்தாள் நெடும்பயணத்திற்கு ஏற்றதாக இருந்தது. முறையைத் தட்பவெப்பமும் பயணமும் தீர்மானித்தன. பூசுவதும் கழுவுவதும் படமெடுப்பவரின் வேலையாகவே இருந்தன.

2. கையிலிருந்து தொழிற்சாலைக்கு

1888இல் சந்தைக்கு வந்த கோடாக் படக்கருவி, படமெடுத்தலையும் படமாக்கலையும் பிரித்தது. வாடிக்கையாளர் கருவியைத் திருப்பி அனுப்பினால் நிறுவனமே சுருளைக் கழுவி அச்சிட்டுத் தரும். அடுத்த பத்தாண்டில் செயற்கை ஒளியில் அச்சிடத்தக்க ஆயத்தத் தாள்கள் பரவின. இதனால் ஒளிப்படம் பல்லாயிரம் குடும்பங்களை எட்டியது என்பதை மறுக்க இயலாது. அதே வேளையில் தாளின் தன்மை, நிறம், வேதியியல் ஆகியவற்றைத் தீர்மானிக்கும் அதிகாரம் பயனரிடமிருந்து ஆலைக்குச் சென்றது.

இம்மாற்றத்திற்கான எதிர்வினையாகவே 1890களில் பிசின் அச்சு புத்துயிர் பெற்றது. பிரான்சில் ராபர்ட் டெமாஷி அதன் முன்னோடியானார். நீர்வண்ண நிறமி, வேலம் பிசின், டைகுரோமேட் ஆகியவற்றைக் கலந்து தாளில் பூசி, எதிர்ப்படத்தை அதன்மேல் ஒட்ட வைத்து வெயிலில் காட்டுவர். ஒளிபட்ட பிசின் இறுகி நிறமியைப் பிடித்துக்கொள்ளும். படாதது நீரில் கரைந்தோடும். கழுவும்போது தூரிகையால் தொட்டு மாற்றவும், மீண்டும் பூசி வேறு நிறம் ஏற்றவும் இயலும். அமெரிக்காவில் 1902இல் ஆல்பிரட் ஸ்டீக்லிட்ஸ் தோற்றுவித்த ஃபோட்டோ செசஷன் இயக்கத்தினரும் இவற்றைக் கையாண்டனர். எட்வர்ட் ஸ்டைக்கன் 1904இல் எடுத்த ஃபிளாட்டிரான் கட்டடப் படம் பிளாட்டினத்தின்மீது பிசின் ஏற்றிய அச்சுக்குப் பெயர்பெற்றது.

இம்மறுமலர்ச்சி நெடுநாள் நீடிக்கவில்லை. முதல் உலகப்போரால் பிளாட்டினம் அரிதாகி விலை உயர்ந்தது. கலைக்கொள்கையும் மாறியது. கூர்மையான வில்லை, திருத்தப்படாத எதிர்ப்படம், வழவழப்பான வெள்ளித்தாள் ஆகியவையே ஒளிப்படத்தின் நேர்மை எனக் கருதப்பட்டன. 1932இல் சான் பிரான்சிஸ்கோ பகுதியில் உருவான எஃப்/64 குழு இக்கொள்கையின் உறுதியான வடிவம். பிசின் அச்சு ஓவியத்தைப் போலச்செய்யும் பழைய பாசாங்கு எனத் தள்ளப்பட்டது. ஆக, கைவினை முறைகள் இருமுனையில் வெளியேற்றப்பட்டன: ஒருமுனையில் சந்தை, மறுமுனையில் அழகியல்.

3. மூன்று கல்விக்களங்கள்

3.1 கிளாரன்ஸ் வைட் பள்ளி

ஒஹையோ மாநிலத்தின் நியூவார்க் நகரில் கணக்கராகப் பணியாற்றிய கிளாரன்ஸ் வைட், தாமே ஒளிப்படம் கற்றவர். ஃபோட்டோ செசஷன் இயக்கத்தின் நிறுவன உறுப்பினர்களுள் ஒருவரான அவர் 1907 முதல் கொலம்பியா பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் கல்லூரியில் கற்பித்தார். 1914இல் நியூயார்க்கில் தம் பெயரில் பள்ளி தொடங்கினார். வடிவமைப்பும் அச்சுமுறைகளும் அங்கு ஒருங்கே பயிற்றப்பட்டன. ஓவியர் மேக்ஸ் வெபர் அங்கு வடிவமைப்பு கற்பித்தார்.

இப்பள்ளியின் மாணவர் பட்டியல் வியப்பளிப்பது. லாரா கில்பின், பால் அவுட்டர்பிரிட்ஜ், ரால்ஃப் ஸ்டெய்னர் ஆகியோர் இங்குப் பயின்றனர். டொரோத்தியா லாங், மார்கரெட் பர்க்-வைட் ஆகியோரும் வைட்டிடம் கற்றவர்களே. இவர்களுள் பலர் பின்னாளில் ஆவணப்படம், விளம்பரப்படம், இதழியல் எனப் பிரிந்து சென்றனர். கைவினை அச்சை விட்டனர். கில்பின் மட்டும் தம் நீண்ட பணிவாழ்வில் பிளாட்டினம் அச்சைக் கைவிடவில்லை. ஒரு பள்ளி தன் மாணவர் அனைவரையும் ஒரே நடையில் வார்க்காமல், பொருளோடு பழகும் பயிற்சியை மட்டும் தந்து அனுப்பியது என்று இதனைக் கொள்ளலாம். வைட் 1925இல் மெக்சிகோவில் மறைந்தார். பள்ளி 1940களின் தொடக்கம் வரை இயங்கியது.

3.2 புதிய பௌஹாஸ்

இரண்டாம் களம் வேறொரு மரபிலிருந்து வந்தது. 1922 முதல் படக்கருவியின்றி ஒளித்தாள்மீது பொருள்களை வைத்து நிழற்பதிவுகள் செய்துவந்த லாஸ்லோ மொஹோய்-நாகி, 1937இல் சிகாகோவில் புதிய பௌஹாஸைத் தொடங்கினார். அவருக்குப் பழைய முறைகளை மீட்கும் நோக்கம் இல்லை. ஒளியே மூலப்பொருள், மாணவர் அதனைக் கையாண்டு அறிய வேண்டும் என்பதே அவர் பாடம். ஆயினும் இப்பாடம் ஒரு வாயிலைத் திறந்தது. படக்கருவி இன்றியமையாததன்று எனின், ஆலைத்தாள் மட்டும் எவ்வாறு இன்றியமையாததாகும்? அட்கின்ஸின் கடற்பாசிப் பதிவும் மொஹோய்-நாகியின் நிழற்பதிவும் செயல்முறையில் உறவுடையவை என்பது இங்கு நினைவுகூரத்தக்கது.

3.3 இந்தியானா பல்கலைக்கழகம்

புதிய பௌஹாஸில் கற்பித்த ஹென்றி ஹோம்ஸ் ஸ்மித் 1947இல் இந்தியானா பல்கலைக்கழகம் சென்று முப்பதாண்டுகள் பணியாற்றினார். கண்ணாடிமீது சர்க்கரைப்பாகும் நீரும் ஊற்றி, அவற்றின் ஊடாக ஒளியைச் செலுத்திப் படம் உண்டாக்கியவர் அவர். 1960களின் தொடக்கத்தில் ஒளிப்படக் கல்விக் கழகம் உருவானதிலும் அவருக்குப் பங்குண்டு.

அவருடைய மாணவி பெட்டி ஹான் 1966இல் நுண்கலை முதுகலைப் பட்டம் பெற்றார். பிசின் அச்சை அவர் கையிலெடுத்தது மாணவப் பருவத்தில். அன்று அம்முறைக்கு ஆயத்தப் பொருள் கடையில் கிடைக்காது. பழைய கையேடுகளும் சோதனையுமே துணை. வெந்நீரில் தோய்த்து முன்கூட்டியே சுருங்கச் செய்யாத தாள், இரண்டாம் பூச்சின்போது அளவு மாறி, படவரிகள் ஒன்றோடொன்று பொருந்தாமல் போகும். மேற்பரப்பைச் சரியாகப் பதப்படுத்தாவிடில் நிறமி வெண்பகுதியிலும் கறையாக நின்றுவிடும். இத்தகைய நுட்பங்களை நூலால் அறிவதினும் கெட்டுப்போன தாளால் அறிவதே மிகுதி. டெமாஷி ஓவியச் சாயலுக்காகக் கையாண்ட முறையை ஹான் வேறு திசையில் கொண்டுசென்றார். துணியில் பிசின் அச்சிட்டு அதன்மீது வண்ண நூலால் தையல் வேலை செய்தார். 1971இல் அமைந்த 'சாலையும் வானவில்லும்' அவ்வகையது. ஒளிப்படம் கலைத்துறைக்குள், கல்லச்சும் துணியச்சும் பயிலும் கூடங்களுக்கு அருகே இடம்பெற்றமை இத்தகைய கலப்பை எளிதாக்கியது எனலாம்.

4. செவிவழி அறிவிலிருந்து நூலுக்கு

1970களில் மாணவர் தலைமுறை ஆசிரியர் தலைமுறையாயிற்று. ஹான் ரோச்செஸ்டரிலும் நியூ மெக்சிகோவிலும் கற்பித்தார். தையலையும் துணியையும் ஒளிப்படத்தோடு இணைத்த பீ நெட்டில்ஸ் 1977இல் 'விதிகளை மீறுதல்' என்ற செய்முறை நூலை வெளியிட்டார். அதன் துணைத்தலைப்பு அதனைச் சமையல் நூல் என்றே குறிக்கிறது. ஆய்வகத்தின் மொழியில் சொல்லப்பட்டு வந்ததை அடுக்களையின் மொழிக்கு மாற்றியது சிறு செயலன்று. அளவு, பதம், பொறுமை என்பவற்றால் ஆன அறிவு அது என்பதை அப்பெயர் ஒப்புக்கொண்டது. 1979இல் வில்லியம் கிராஃபோர்டின் 'ஒளியின் காவலர்கள்' வரலாற்றையும் செய்முறையையும் ஒரே நூலில் இணைத்தது. ஒவ்வொரு முறைக்கும் தனித்த இலக்கணம் உண்டு என்பதும், ஒரு காலத்தின் படங்கள் என்ன சொல்ல இயலும் என்பதை அவ்விலக்கணம் வரையறுக்கிறது என்பதும் அவர் வாதம்.

நூலாக்கம் அறிவைப் பரப்பியது. அதன் தீமையும் சொல்லத்தக்கது. பிசின் அச்சுக்குரிய டைகுரோமேட் புற்றுநோய் விளைவிக்கும் ஆறிணைதிறன் குரோமியச் சேர்மம். கையுறை, காற்றோட்டம், கழிவை முறையாக அகற்றுதல் ஆகியன இல்லாத பயிலகத்தில் இம்முறையைக் கற்பித்தல் பொறுப்பற்ற செயலாகும். முற்காலக் கையேடுகள் இதில் காட்டிய அலட்சியத்தையும் மரபாகக் கொள்ளுதல் கூடாது. நஞ்சு மிகக் குறைந்த நீல அச்சு இன்று தொடக்கப் பாடமாக வைக்கப்படுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

முடிவுரை

மேற்கண்ட வரலாற்றிலிருந்து மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, 'மாற்று' என்பது இம்முறைகளின் இயல்பன்று. ஆலை உற்பத்தி அவற்றிற்கு இட்ட இடம். இரண்டாவது, சந்தையும் மேலோங்கிய அழகியலும் ஒருசேரக் கைவிட்ட அறிவைக் கல்விக்களங்கள் காத்தன. உடனடிப் பயனோ விற்பனையோ எதிர்பார்க்கப்படாத காலம் மாணவருக்கு இருந்தமையே அதற்கு அடிப்படை. மூன்றாவது, மீட்பு என்பது பழையதை அப்படியே திரும்பச் செய்தலன்று. டெமாஷியின் பிசினும் ஹானின் பிசினும் வேதியியலில் ஒன்று, பொருளில் வேறு.

2005இல் கோடாக் நிறுவனம் கறுப்பு வெள்ளை ஒளித்தாள் உற்பத்தியை நிறுத்த முடிவுசெய்தது. ஒருகாலத்தில் இயல்பாக இருந்த வெள்ளித்தாளும் இவ்வாறு மாற்று முறைகளின் வரிசையை நெருங்கியது. இதே காலத்தில் கணினியில் ஆயத்தம் செய்து ஒளிபுகும் தாளில் அச்சிட்ட எதிர்ப்படங்கள், நீல அச்சையும் பிளாட்டினம் அச்சையும் முன்னினும் எளிதாக்கின. எம்முறை எப்போது வழக்கொழியும், எது மீளும் என்பதை முன்னறிய இயலாது. ஆகவே ஒளிப்பட வரலாற்றைக் கற்பிப்போர் முடிந்த படங்களோடு நின்றுவிடாமல், அவை உண்டான விதத்தையும் மாணவர் கையால் அறியச் செய்தல் வேண்டும். கறைபடிந்த ஒரு நீலத்தாளைக் கழுவிப் பார்த்த மாணவர், அட்கின்ஸின் ஒரு பக்கத்தில் அடங்கிய உழைப்பை வேறு கண்கொண்டு காண்பார். அக்காட்சியும் வரலாற்றறிவின் ஒரு பகுதியே.