மைசூர்: மீண்டும் மீண்டும் எழுந்த மாநகர்

விடுமுறை வந்துவிட்டால், பிற மாநிலங்களில் வாழும் நம் தமிழ்க் குடும்பங்கள் மேற்கொள்ளும் பயணங்களுள் மைசூர்ப் பயணம் தவறாது இடம்பெறும். விடியலில் சாமுண்டி மலை, முற்பகலில் அரண்மனை, பகலுணவுக்குப் பின் விலங்குக் காட்சிச்சாலை, மாலையில் பட்டுப் புடவையும் சந்தனமும் வாங்கக் கடைவீதி. குழந்தைகள் ஒட்டகச்சிவிங்கியைப் பற்றிப் பேசிக்கொண்டே உறங்கிப் போவர். பெரியவர்கள் கால்வலிக்குத் தைலம் தேடுவர். சில நாள் கழித்து எஞ்சுவன சில நிழற்படங்களும் ஒரு சந்தனக் கட்டியும் மட்டுமே.

இப்பயணத்தில் பிள்ளைகள் கேட்கும் கேள்வி ஒன்று உண்டு: "இந்த அரண்மனை எவ்வளவு பழையது?" ஆயிரம் ஆண்டு என்போரும் உளர், ஐந்நூறு ஆண்டு என்போரும் உளர். உண்மை விடை நம்மை வியப்பில் ஆழ்த்தும். நாம் இன்று காணும் அரண்மனை 1912-இல் கட்டி முடிக்கப்பட்டது. நம் சென்னை எழும்பூர் இரயில் நிலையத்தைவிட அது நான்கு ஆண்டு இளையது. மைசூரின் பெருமை அதன் கட்டடங்களின் வயதில் இல்லை. இழந்ததை மீண்டும் எழுப்பிக்கொண்ட திறத்தில் இருக்கிறது. அந்த நோக்கோடு இந்நகரை ஒருமுறை சுற்றி வருவோம்.

எருமையூர்

மகிடன் என்னும் எருமைத் தலை அசுரனை அன்னை அழித்த இடம் என்பது இவ்வூரின் புராணம். மகிடன் பெயரால் மகிஷூர் என்றாகி, மைசூர் எனத் திரிந்து, 2014 முதல் மைசூரு என்று அரசு ஆவணங்களில் வழங்கி வருகிறது. தலையாலங்கானத்தில் பாண்டியன் நெடுஞ்செழியனை எதிர்த்த எழுவருள் ஒருவனாக எருமையூரன் என்பான் அகநானூற்றில் குறிக்கப்படுகிறான். அவன் நாட்டை மைசூர்ப் பகுதியோடு இணைத்துக் காண்பர் அறிஞர் பலர். அவ்வாறாயின், நாம் அயலூராக எண்ணும் இவ்வூரின் பெயர் நம் பழம்பாட்டிலேயே பதிந்திருக்கிறது என்று மகிழலாம்.

மலைமேல் அன்னை

சாமுண்டி மலைக்கு இன்று பேருந்து செல்கிறது. ஆயினும் மலையடியிலிருந்து ஏறத்தாழ 1,000 படிகள் உள்ளன. அவற்றை அமைத்தவர் 17-ஆம் நூற்றாண்டில் ஆண்ட தொட்ட தேவராச உடையார். படிவழியில் ஒற்றைப் பாறையிற் செதுக்கிய பெரிய நந்தியும் அவர் காலத்ததே. ஏறத்தாழ 15 அடி உயரமும் 24 அடி நீளமும் உடையது அது. கழுத்து மணிமாலைகளை ஒவ்வொன்றாக எண்ணத் தொடங்கும் குழந்தையை அங்கிருந்து அழைத்துச் செல்வது அரிது. உச்சியிலுள்ள கோயில் தொன்மையானது. ஆனால் தொலைவிலிருந்தே தெரியும் ஏழுநிலைக் கோபுரம் 19-ஆம் நூற்றாண்டில் மூன்றாம் கிருட்டிணராச உடையார் எழுப்பியது. பழங்கருவறையின்முன் புதுக்கோபுரம், இந்நகரின் இயல்பு மலைமேலேயே தொடங்கிவிடுகிறது.

இச்சந்நிதியில் நிற்கும் தமிழர் நினைவுகூரத்தக்க ஒருவர் உண்டு. நெல்லைச் சீமையின் அரிகேசநல்லூர் முத்தையா பாகவதர், நான்காம் கிருட்டிணராச உடையாரின் அரசவைக் கலைஞராக விளங்கியவர். அவர் சாமுண்டீசுவரியின் 108 திருநாமங்கள் மீதும் கீர்த்தனைகள் இயற்றினார். அவற்றை அவர் அமைத்தது கன்னட மொழியில். நெல்லைச் சீமையிலிருந்து வந்தவர், தம்மை வரவேற்ற நாட்டின் தெய்வத்தை அந்நாட்டின் மொழியிலேயே பாடினார். அதனால் அவர் தமிழிசைக்கு அயலவராகிவிடவில்லை. கன்னட நாட்டிற்கும் உரியவரானார்.

தீயில் பிறந்த அரண்மனை

மலையிலிருந்து நோக்கினால் நகரின் நடுவே அரண்மனைக் குவிமாடங்கள் தெரியும். அவ்விடத்தின் வரலாற்றை அறிய நாம் 1799-ஆம் ஆண்டிற்குச் செல்லவேண்டும். அவ்வாண்டு மே 4-ஆம் நாள் சீரங்கப்பட்டணம் வீழ்ந்து, திப்பு சுல்தான் போரில் மாண்டார். ஆங்கிலேயர் உடையார் குலத்து இளவலை அரியணையேற்ற முடிவு செய்தனர். ஐந்து வயதும் நிரம்பாத மூன்றாம் கிருட்டிணராசருக்கு சூன் 30-ஆம் நாள் மைசூரில் முடிசூட்டு நிகழ்ந்தது. ஆனால் அப்போது அங்கே அரண்மனை இல்லை. பழைய கோட்டையும் அரண்மனையும் திப்புவின் காலத்திலேயே இடிக்கப்பட்டு, அக்கற்கள் அருகே நசர்பாத் என்னும் புதுக்கோட்டைக்குக் கொண்டு செல்லப்பட்டிருந்தன. பந்தலிட்டே சிறுவனுக்கு முடிசூட்டினர். பின்னர் நசர்பாத்துக் கற்களே திரும்பி வந்து மைசூர்க் கோட்டையாயின. ஒரு சில ஆண்டுகளில் மரத்தாலான அரண்மனையும் எழுந்தது.

அம்மர அரண்மனை ஒரு நூற்றாண்டளவும் நிற்கவில்லை. 1897 பிப்ரவரியில் மூத்த இளவரசி செயலட்சுமம்மண்ணியின் திருமண விழாவின்போது தீப்பற்றிப் பெரும்பகுதி அழிந்தது. மணவிழா நடந்த வீடு சாம்பர்க் குவியலாயிற்று.

அந்நாளில் அரசுப் பொறுப்பு யார் கையில் இருந்தது என்பதை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். மன்னர் பத்தாம் சாமராசேந்திர உடையார் 1894 திசம்பரில் கல்கத்தாவில் நோயுற்று இறந்துவிட்டார். மகன் பத்து வயதுச் சிறுவன். முப்பது வயதும் நிறையாத கைம்பெண்ணான மகாராணி கெம்பநஞ்சம்மண்ணி, வாணி விலாச சந்நிதானம் என்னும் சிறப்புப் பெயருடன், மகனுக்காக நாட்டை ஆண்டுவந்தார். கணவனை இழந்த மூன்றாம் ஆண்டில் வீட்டையும் இழந்தார். குடும்பம் அருகிலிருந்த சகன்மோகன அரண்மனைக்குக் குடிபெயர்ந்தது. 1902-இல் நான்காம் கிருட்டிணராசர் ஆட்சிப் பொறுப்பேற்ற விழாவும், கர்சன் பிரபு முன்னிலையில், அங்கேயே நடந்தது.

புதிய அரண்மனையை வரைந்து தரும் பொறுப்பு என்றி இர்வின் என்னும் கட்டடக் கலைஞரிடம் அளிக்கப்பட்டது. சிம்லாவின் வைசிராய் மாளிகையை வரைந்தவர் அவர். சென்னை உயர்நீதிமன்றப் பணியிலும் எழும்பூர் நிலையத்தின் வடிவமைப்பிலும் பங்கு கொண்டவர். எழும்பூரில் வண்டியேறி வந்த ஒருவர் மைசூர் அரண்மனை முன் நின்று, இக்குவிமாடங்களை எங்கோ கண்டோமே என்று எண்ணினால் அது பிழையன்று. இரண்டும் ஒரே கை வரைந்தவை. பழைய இடத்திலேயே, அம்பா விலாசம் என்ற பழைய பெயரோடு, புதிய மாளிகை எழுந்தது. ஆனால் தீயின் பாடத்தை யாரும் மறக்கவில்லை. மரம் தாங்கிய இடங்களில் கருங்கல்லும் செங்கல்லும் இரும்பும் இடம்பெற்றன. திருமண மண்டபத்தின் மயில்வண்ணக் கண்ணாடிக் கூரையைத் தாங்கும் தூண்கள் கிளாசுகோ நகரில் வார்த்த இரும்புத் தூண்கள். மணவிழாவில் பிறந்த தீ அழித்த வீட்டில், மணமண்டபம் இரும்பால் அமைந்தது.

செலவு ஏறத்தாழ 41 இலட்சம் ரூபாய். அக்காலத்தில் இது மலைபோன்ற தொகை. இதைக் கூறும்போது மற்றொன்றையும் கூறாமல் விடுதல் முறையன்று. அடித்தளப் பணி தொடங்கிய நாட்களில், 1898-இல், கொள்ளைநோய் மைசூர் நாட்டுள் புகுந்து எண்ணற்ற உயிர்களைக் கொண்டது. மாளிகை எழும் வேளையில் குடிசைகளில் பாடை எழுந்தது. இம்முரண்பாட்டை ஒளி விளக்குகள் மறைத்துவிடலாகாது. ஆயினும் அந்த ஆட்சி மாளிகையோடு நின்றுவிடவில்லை. காவிரியின் சிவசமுத்திர அருவியில் மின்னாக்கம் 1902-இல் தொடங்கியது. வேதவதி ஆற்றில் வாணி விலாச சாகரம் என்னும் பெரிய நீர்த்தேக்கம் கட்டத் தொடங்கியதும் அந்த அம்மையார் காலத்திலேயே. நெரிசலான தெருக்களைத் திருத்தவும் நலமான புதிய குடியிருப்புகளை அமைக்கவும் 1903-இல் நகர மேம்பாட்டுக் குழு நிறுவப்பட்டது. அகன்ற வீதிகளும் மரநிழலும் நம்மை மகிழ்விக்கின்றனவே, அவை நோயின் கொடுமையிலிருந்து நகரம் கற்றுக்கொண்ட பாடங்கள்.

குடிபெயர்ந்த விழா

அரண்மனையுள் நுழைந்ததும் பார்வையாளரை வரவேற்பது பொம்மைத் தொட்டி. அங்கே அடுக்கிய பொம்மைகளைக் கண்டதும் நம் வீட்டு மூதாட்டியர், "இது நம் கொலு அல்லவா!" என்று கூவுவதைக் கேட்டிருக்கிறேன். நவராத்திரியில் பொம்மைகளை அடுக்கும் வழக்கம் கன்னட நாட்டுக்கும் நமக்கும் பொதுவானதே.

புகழ்பெற்ற மைசூர்த் தசராவும் இம்மண்ணில் முளைத்ததன்று, குடிபெயர்ந்து வந்தது. விசயநகரப் பேரரசர்கள் மகாநவமி விழாவைப் பெருஞ்சிறப்புடன் நடத்தினர். அப்பேரரசு சரிந்தபின், 1610-இல் சீரங்கப்பட்டணத்தைக் கைப்பற்றிய இராச உடையார் அவ்விழாவைத் தம் நகரில் தொடர்ந்தார். 1799-க்குப் பின் தலைமை மைசூருக்கு மாறியபோது விழாவும் உடன் வந்தது. அம்பி, சீரங்கப்பட்டணம், மைசூர் என மூன்று ஊர் மாறியும் விழா அழியவில்லை. ஊர்வலத்தில் பொன் அம்பாரியில் மன்னர் அமர்ந்து வந்த காலமும் மாறியது. 1971-இல் அரசியலமைப்பின் 26-ஆம் திருத்தம் மன்னர் மானியத்தை நீக்கியது. ஏறத்தாழ 750 கிலோ எடையுள்ள அவ்வம்பாரியில் இன்று யானைமேல் பவனி வருவது சாமுண்டீசுவரி அன்னையின் திருவுருவம். மன்னர் விழா மக்கள் விழாவாயிற்று.

தமிழகத்திலிருந்து வந்த தெய்வம்

அரண்மனைக் கோட்டையின் தென்வாயிலருகே சுவேத வராகசுவாமி கோயில் இருக்கிறது. அவசரத்தில் செல்லும் பயணியர் பலர் அதைக் காணாமலே போய்விடுகின்றனர். நாம் அவ்வாறு போகலாகாது. அங்குள்ள வராகப் பெருமாள் திருமேனியை, 1672 முதல் 1704 வரை ஆண்ட சிக்க தேவராச உடையார் நம் தமிழகத்துத் திருமுட்டத்திலிருந்து கொணர்ந்து சீரங்கப்பட்டணத்தில் எழுந்தருளச் செய்தார் என்பது அக்கோயில் வரலாறு. பின்னர் 1809-இல், திவான் பூர்ணையாவின் காலத்தில், அது மைசூருக்கு வந்தது. அதற்கெனச் சிமோகாப் பக்கத்துப் பழைய ஒய்சளக் கட்டடம் ஒன்றின் கற்களைக் கொண்டே கோயில் எழுப்பினர். தெய்வம் தமிழகத்தது, கற்கள் மலைநாட்டின, வீடு மைசூரில். இரண்டு முறை இடம் மாறிய பெருமாள் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நிலைத்திருக்கிறார். ஊர்விட்டு ஊர்வந்த நமக்கு இதனினும் நெருங்கிய தெய்வம் வேறுண்டோ?

விலங்குகளின் தோட்டம்

குழந்தைகள் காத்திருக்கும் இடத்திற்கு இனிச் செல்வோம். இந்த விலங்குக் காட்சிச்சாலையை நிறுவியவர், முன்னர்க் கூறிய சாமராசேந்திர உடையாரே. 1892-இல் கோடை மாளிகையைச் சார்ந்த 10 ஏக்கர் நிலத்தில் தம் சொந்தப் பொருளால் அவர் அதை அமைத்தார். இரண்டே ஆண்டில் அவர் மறைந்தார். ஆதலின் இத்தோட்டம் தந்தை விட்டுச் சென்றது. அரண்மனை தாய் எழுப்பியது. இரண்டையும் பெற்று வளர்த்தவர் மகன். 1909-இல் தந்தையின் பெயரே காட்சிச்சாலைக்குச் சூட்டப்பட்டது. ஒரு குடும்பத்தின் துயரக் கதையை நாம் நுழைவுச்சீட்டு வாங்கிக்கொண்டு சுற்றிப் பார்க்கிறோம் என்பதைப் பிள்ளைகளுக்குச் சொன்னால், வரலாறு அவர்களுக்குப் பாடப்புத்தகமாகத் தோன்றாது.

1948-இல் இத்தோட்டம் மன்னர் கையிலிருந்து அரசிடம் வந்தது. 1972-இல் வனத்துறைக்கும், 1979-இல் கருநாடகக் காட்சிச்சாலை ஆணையத்துக்கும் மாறியது. வேடிக்கைக்காகச் சேர்த்த விலங்குகள் என்ற நிலை மாறி, அருகிவரும் இனங்களைப் பேணிப் பெருக்கும் இடம் என்ற நிலை வந்தது. பொதுமக்களே ஒரு விலங்கின் உணவுச் செலவை ஏற்றுத் தத்தெடுக்கும் திட்டமும் அங்கே உண்டு. அரசர் ஒருவர் ஊட்டிய விலங்குகளுக்கு இன்று பல ஊர்ப் பிள்ளைகள் ஊட்டுகின்றனர்.

நாம் கொண்டுசெல்ல வேண்டியது

தசரா நாட்களில் மைசூரில் மற்றொரு கூட்டமும் கூடியதுண்டு. செங்கற்பட்டுச் சீமையிற் பிறந்த திவான் அரங்காச்சார்லு, 1881-இல் மக்கள் பேராளர் சபை ஒன்றை அமைத்தார். 144 பேராளர்கள் அவ்வாண்டு அக்டோபர் 7-இல் முதன்முறையாகக் கூடினர். சட்டம் செய்யும் அதிகாரம் அச்சபைக்கு இல்லை, குறைகளைச் சொல்லலாம், அரசு கேட்கும், அவ்வளவே. எனினும் அந்நாளில் அதுவே அரிய செயல். விழாக் காண வந்த குடிகள் தங்கள் குரலையும் கேட்கச் செய்தனர்.

மைசூரைச் சுற்றிப் பார்த்து நாம் வீட்டிற்குக் கொண்டுவர வேண்டியது இதுதான். அரண்மனை எரிந்தது, கட்டினர். நகரம் நோயில் வாடியது, திருத்தினர். விழா ஊரை இழந்தது. புது ஊரில் நடத்தினர். பழைமை என்பது பெட்டியில் பூட்டிவைக்கும் பொருளன்று; சுமந்து சென்று, இறக்கிய இடத்தில் மீண்டும் ஏற்றவேண்டிய விளக்கு. பிறந்த ஊரை விட்டு வந்து இங்கே அடுப்பு மூட்டிய நம் முன்னோர் செய்ததும் அதுவே. நம் பிள்ளைகள் இந்நாட்டு மொழியைப் பழுதறக் கற்கட்டும். முத்தையா பாகவதர் கற்றார். வீட்டில் தமிழையும் விடாதிருக்கட்டும். கொலுப்படி நம்மோடு வந்ததுபோல மொழியும் வரும்.

அடுத்தமுறை மைசூர் செல்லுங்கால், அரண்மனையின் பொன்னொளியில் நின்று நிழற்படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன்பின் தென்வாயிலுக்குச் சென்று, திருமுட்டத்துப் பெருமாளை ஒருகணம் வணங்கி வாருங்கள். அவரும் நம்மூரார்தாம்.