ஹிஸ்டெரோஸ்கோப்பியில் திரவக் கணக்கு

கருப்பை வாய் வழியே மெல்லிய கேமராக் குழாயைச் செலுத்தி உட்புறத்தைப் பார்ப்பதும், சதை வளர்ச்சியையோ ஃபைப்ராய்டு கட்டியையோ அகற்றுவதும் ஹிஸ்டெரோஸ்கோப்பி. இதை 1869-இல் மருத்துவர் பேண்டலியோனி தொடங்கிவைத்தார்.

கருப்பைச் சுவர்கள் ஒட்டியே இருப்பதால், திரவம் விட்டு விரித்தால்தான் எதுவும் தெரியும். கட்டியை வெட்டும்போது திறக்கும் இரத்தக் குழாய்கள் அதை உறிஞ்சிக்கொள்கின்றன. வில்லங்கம் அங்கேதான். மின்சாரத்தால் வெட்டும் மோனோபோலார் கருவிக்குக் கிளைசின் போன்ற உப்பில்லாத கரைசல் வேண்டும். அது ஒரு லிட்டர் ஏறினால் இரத்த சோடியம் ஏறக்குறைய 10 அலகு இறங்கும், மூளை வீங்கலாம். மாதவிடாய் நிற்காத பெண்களுக்கு இந்த ஆபத்து அதிகம். பைபோலார் கருவிக்கு நார்மல் சலைன் போதும். சோடியம் இறங்காது என்பதற்காக அலட்சியம் கூடாது. மிகுந்தால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும்.

உள்ளே விட்டதிலிருந்து திரும்பி வந்ததைக் கழிப்பதே கணக்கு. ஆரோக்கியமான பெண்ணுக்கு இந்த மீதியின் உச்சவரம்பு கிளைசின் 1,000 மி.லி., சலைன் 2,500 மி.லி.; முதியவர்களுக்கும் இதய, சிறுநீரக நோயாளிகளுக்கும் இன்னும் குறைவு. கழித்தல் எளிதுதான், அளப்பதுதான் சிரமம். பாதி தரையில் சிந்தும், துணியில் ஊறும். மூன்று லிட்டர்ப் பையிலும் எழுதியதைவிடச் சற்றுக் கூடுதலாகவே இருக்கும். இடுப்புக்குக் கீழே சேகரிப்புப் பை கட்டி, ஒருவர் அளவைச் சத்தமாகச் சொல்லிவர வேண்டும்.

இந்தச் சிகிச்சைக்காகப் போகும்போது, இதய, சிறுநீரகக் கோளாறு இருந்தால் மயக்க மருத்துவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.