ஆப்புக்குறி மீனும் அதன் ஓடையும்

அரசர்க்கும் போர்க்கும் வரலாறு எழுதுவர். விரலளவுள்ள மீனுக்கும் வரலாறு உண்டோ என்று சிலர் வினவலாம். உண்டு. அது அம்மீன் வாழும் காட்டின் வரலாறேயாகும்.

மலாயாத் தீபகற்பத்திலும் சிங்கப்பூரிலும் சுமத்திராவிலும் நிழல் படர்ந்த காட்டோடைகளில் வாழ்வது 'ஹார்லிகுவின் ராஸ்போரா' என்னும் மீன். மலாய்க்காரர் 'செலுவாங்' என்று பொதுவாக அழைக்கும் சிறுமீன்களுள் இதுவும் ஒன்று. நீளம் ஏறத்தாழ 5 சென்டிமீட்டர். செம்புநிற உடலின் பின்பாதியில் ஆப்புப் போன்ற கருங்குறி காணப்படும். 1904-இல் ஜெர்மானிய அறிஞர் கியோர்க் டுங்கர் இதனை அறிவியல் உலகிற்கு அறிமுகம் செய்தார். விரைவிலேயே இம்மீன் ஐரோப்பியரின் கண்ணாடித் தொட்டிகளில் இடம்பெற்றது.

இதன் ஓடை மெல்ல நகர்வது. உதிர்ந்த இலைகள் ஊறித் தேநீர் போல் பழுப்பேறியது. சற்றே அமிலத்தன்மை உடையது. பெண்மீன் தலைகீழாகத் திரும்பி, நீர்ச்செடியின் இலையடியில் முட்டைகளை ஒட்டுகிறது. மரம் வீழ்ந்தால் நிழல் நீங்கும், நீர் சூடேறும், வண்டல் படிந்து செடிகள் அழியும். பிறகு மீன் எங்கே முட்டையிடும்?

19ஆம் நூற்றாண்டுச் சிங்கப்பூரில் காம்பியர்த் தோட்டங்களுக்காகக் காடுகள் வெட்டப்பட்டன. காம்பியர் இலையைக் காய்ச்ச வேண்டிய விறகும் காட்டிலிருந்தே வந்தது. மண் சத்திழந்ததும் தோட்டக்காரர் புதுக்காடு தேடிச் சென்றனர். தீவில் எஞ்சிய காடு 7 விழுக்காடே என 1883-இல் தாவரவியல் பூங்காத் தலைவர் கான்ட்லி கணக்கிட்டார்.

எஞ்சியதைக் காத்தது எது? நகரின் தாகமே. 1868-இல் அமைந்த மெக்ரிட்சி நீர்த்தேக்கத்தையும், பின்னர் அமைந்த பியர்ஸ், சிலேத்தார் நீர்த்தேக்கங்களையும் சூழ்ந்த காடுகள் குடிநீருக்காகக் காக்கப்பட்டன. அவற்றைச் சார்ந்த நீ சூன் சதுப்புக்காடே சிங்கப்பூரில் இம்மீனுக்குப் புகலிடமாயிற்று. நாட்டின் இயல்பான நன்னீர் மீனினங்களில் ஏறக்குறையப் பாதி அங்கு வாழ்கின்றன.

மீனைக் காக்க எவரும் அன்று எண்ணவில்லை. தண்ணீரைக் காத்தனர், மீனும் பிழைத்தது. இன்றோ ஜொகூர் நீரும், தூய்மையாக்கிய கழிவுநீரும், உப்பு நீக்கிய கடல்நீரும் சிங்கப்பூரின் தேவையைத் தீர்க்கின்றன. எனவே குடிநீர் என்னும் காவல் ஒன்றையே நம்பி அக்காட்டை விட்டுவிடலாகாது. பண்ணைகளில் பெருக்கிய மீன்கள் கடைகளில் எத்துணை விற்பினும், ஓடை அழிந்தபின் அவை திரும்பிச் செல்ல ஓரிடமும் இராது. காட்டை இனி அதன் பொருட்டே காத்தல் வேண்டும். ஆசிரியர்கள் இதனை மாணவர்க்கு எடுத்துரைப்பார்களாக.