கொலராடோ ஆற்று உடன்படிக்கையும் வழக்கறிஞர் கார்ப்பெண்டரும்

அண்டை மாநிலங்களின் ஆற்றுநீர்ப் பூசலில் வழக்கறிஞர்க்குரிய களம் நீதிமன்றமே என்பது பொதுவாக நிலவும் கருத்தாகும். அமெரிக்க நாட்டுக் கொலராடோ ஆற்றின் வரலாறு வேறோர் உண்மையைப் புலப்படுத்துகின்றது. கொலராடோ மாநில வழக்கறிஞர் டெல்ஃப் கார்ப்பெண்டர் ஆற்றிய பணியை அந்நோக்கில் ஈண்டு ஆராய்வோம்.

லாரமி ஆற்றுநீர் குறித்து வயோமிங் மாநிலம் கொலராடோவின்மீது 1911-இல் உச்சநீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தது. கொலராடோவின் சார்பில் வாதிட்டோருள் கார்ப்பெண்டரும் ஒருவர். தன் எல்லையுள் ஓடும் நீர் தன் விருப்பிற்குரியது என்பது அம்மாநிலத்தின் வாதம். நீதிமன்றம் அதனை ஏற்கவில்லை. முற்படப் பயன்கொண்டார்க்கே முதலுரிமை என்னும் நெறியைத் தம்முள் கொண்ட மாநிலங்களிடையே, எல்லை கடந்தும் அந்நெறியே செல்லும் என 1922 சூன் 5-ஆம் நாள் தீர்ப்பளித்தது. அவ்வாறாயின், விரைந்து வளர்ந்துவந்த கலிபோர்னியா கொலராடோ ஆற்றுநீரை முற்படக் கைக்கொள்ளுமிடத்து, மேற்படுகை மாநிலங்களுக்கு எஞ்சுவது யாது?

இவ்விடரைக் கார்ப்பெண்டர் தீர்ப்பிற்கு முன்னரே உணர்ந்திருந்தார். காங்கிரசின் இசைவின்றி மாநிலங்கள் தம்முள் உடன்படிக்கை செய்தல் கூடாது என்பது அந்நாட்டு அரசியலமைப்பின் விதி. எதிர்மறையாய் அமைந்த இவ்விதியினின்றும், இசைவு பெறின் செய்யலாம் என்னும் உடன்பாட்டுப் பொருளை அவர் கொண்டார். எல்லைப் பூசல்களுக்குப் பயன்பட்டுவந்த அதனைப் பல மாநிலங்கள் ஓராற்றைப் பகிர்தற்குப் பொருத்தினார். ஏழு மாநிலப் பேராளரும் ஹெர்பர்ட் ஹூவர் தலைமையில் கூடி, 1922 நவம்பர் 24-ஆம் நாள் சாண்டாஃபே நகரில் கையொப்பமிட்டனர். மாநிலந்தோறும் பங்கு வகுத்தல் இயலாமையின், லீஃபெரி என்னுமிடத்தை எல்லையாக்கி, மேற்படுகைக்கும் கீழ்ப்படுகைக்கும் ஆண்டிற்கு 75 இலட்சம் ஏக்கர்-அடி வீதம் வகுத்தனர். யார் முந்தியவர் என்னும் வினா இரு படுகைகளிடையே இதனால் அடங்கிற்று.

எனினும் குறைகள் இல்லாமல் இல்லை. அரிசோனா 1944 வரை உடன்படிக்கையை ஏற்கவில்லை. அம்மண்ணின் பழங்குடியினர்க்கு அவையில் இடமளிக்கப்படவில்லை. கூட்டரசு அவர்க்குச் செய்யவேண்டிய கடமைகளை இவ்வுடன்படிக்கை பாதிக்காது என்னும் ஒரு தொடரே அவர்பற்றி அதில் உளது. கீழ்ப்படுகைப் பழங்குடியினர் ஐவரின் நீருரிமையை உச்சநீதிமன்றம் 1963-இல் நிலைநாட்டிற்று. மேலும், பங்கீட்டிற்கு அடிப்படையாகக் கொண்ட நீரளவு மழைவளம் மிக்க ஆண்டுகளுக்குரியது என்பதை மரவளைய ஆய்வுகள் பின்னர் உணர்த்தின.

வழக்காடி வெல்லுதலினும் வழக்கெழாமற் காத்தல் வழக்கறிஞர்க்கு அரிய பணி என்பது இவற்றாற் பெறப்படும். ஆயினும் அவையில் இடம்பெறாதாரின் உரிமையையும், ஆற்றில் இல்லாத நீரையும் எத்துணைச் சிறந்த உடன்படிக்கையும் பங்கிட்டுத் தீர்த்தல் இயலாது என்பதும் உடன்வைத்து எண்ணத்தக்கது.