நண்டு ஓடும் ஆர்சனிக் தண்ணீரும்: ஒரு குட்டி வரலாறு

1/ ஆர்.ஏ.புரத்தில் இருந்து திரு.வி.க. பாலத்தில் அடையாற்றைத் தாண்டி சர்தார் படேல் சாலையில் போனால் ஐஐடி வந்துவிடும். அங்கே உருவான ஒரு பொருள் இன்று மேற்கு வங்கக் கிராமங்களில் குடிதண்ணீரில் இருக்கும் விஷத்தைப் பிடித்து வைக்கிறது. அதில் ஒரு முக்கியமான சரக்கு, பட்டினப்பாக்கத்தில் இறாலும் நண்டும் வாங்கி வந்து நாம் குப்பையில் போடுகிறோமே, அந்த ஓட்டிலிருந்து எடுப்பது. கொஞ்சம் நீளமான இழை. பொறுமையா படிங்க.

2/ கதை தொடங்குவது நல்ல எண்ணத்தில்தான். வங்காளத்தில் குளத்துத் தண்ணீரைக் குடித்த குழந்தைகள் காலராவிலும் வயிற்றுப்போக்கிலும் செத்துக்கொண்டிருந்தன. 1970-களில் அரசும் யூனிசெஃப் போன்ற அமைப்புகளும் அடிபம்புகளைப் பரவலாகப் போட்டன. நிலத்தடி நீரில் கிருமி குறைவு, அதனால் பாதுகாப்பானது என்று எல்லோரும் நம்பினார்கள்.

3/ 1983. கல்கத்தா வெப்பமண்டல மருத்துவக் கல்லூரியில் தோல் மருத்துவர் கே.சி. சாஹாவிடம் கிராமத்து நோயாளிகள் வருகிறார்கள். உடம்பில் மழைத்துளி தெறித்த மாதிரி கரும்புள்ளிகள். உள்ளங்கையிலும் பாதத்திலும் காய்த்துப்போன முடிச்சுகள். பார்த்ததும் சந்தேகப்பட்டார்: இது ஆர்சனிக். விசாரித்துக்கொண்டே போனால் எல்லா வழியும் ஊர் அடிபம்பில் போய் முடிந்தது.

4/ "அவ்வளவு ஆர்சனிக்கை யார் கொட்டினது?"ன்னு கேக்கலாம். யாரும் கொட்டவில்லைங்க. இமயமலையிலிருந்து ஆறுகள் அடித்து வந்த வண்டல் மண்ணில், இரும்பு ஆக்சைடின்மேல் ஒட்டிக்கொண்டு அது சும்மா கிடந்தது. காற்றுப் புகாத ஆழத்தில் பாக்டீரியாக்கள் அந்த இரும்பைக் கரைக்க, ஆர்சனிக் தண்ணீருக்குள் இறங்கியது. இந்த இரும்பை நினைவில் வச்சுக்கோங்க. திரும்பவும் வரும்.

5/ ஆர்சனிக்குக்கு நிறம், மணம், ருசி எதுவும் இல்லை. கொதிக்க வைத்தாலும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற அடர்த்தி கூடத்தான் செய்யும். வருடக்கணக்கில் குடித்தால் தோல், சிறுநீர்ப்பை, நுரையீரலில் புற்றுநோய் வரலாம். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு லிட்டருக்கு 10 மைக்ரோகிராம். 2000-ல் அதே நிறுவனத்தின் இதழில், வங்கதேசத்தில் நடந்ததுதான் வரலாற்றிலேயே மிகப்பெரிய கூட்டு நஞ்சேற்றம் என்று எழுதினார்கள்.

6/ ஒரு மருத்துவரா இதில் என்னை உறுத்துவது இதுதான். நாட்பட்ட ஆர்சனிக் பாதிப்புக்கு, நம்பி எழுதித் தர ஒரு மாத்திரை கிடையாது. முதல் சிகிச்சையே அந்தத் தண்ணீரை நிறுத்துவதுதான். குடிக்க வேறு தண்ணீர் இல்லாதவரிடம் அதை எப்படிச் சொல்வது? அப்போ தண்ணீரைச் சுத்தம் செய்யும் பொருள்தான் மருந்து.

7/ அந்த மருந்து வேலை செய்யும் முறைக்குப் பெயர் பரப்புக் கவர்தல். ஸ்பாஞ்ச் தண்ணீரை உள்ளே இழுப்பது வேறு. ஃபேன் இறக்கையில் தூசி படிகிற மாதிரி, மேற்பரப்பில் வந்து ஒட்டிக்கொள்வது இது. துகள் சின்னதாக ஆக ஆக மொத்தப் பரப்பு கூடும், பிடிக்கும் திறனும் கூடும். ஆர்சனிக்குக்குப் பிடித்த பரப்பு எது? அதே இரும்புதான்! அதை நழுவவிட்டதும் இரும்பு, திரும்பப் பிடிப்பதும் இரும்பு.

8/ கேட்க எளிது. நடைமுறையில் உதைத்தது. மேற்கு வங்கத்தில் பருய்பூர் பகுதியில் 11 நிறுவனங்கள் தயாரித்த 19 ஆர்சனிக் நீக்கும் கருவிகளை இரண்டு வருடம் கண்காணித்தார்கள். 2005-ல் முடிவு வந்தது: 10 மைக்ரோகிராமுக்குள் தொடர்ந்து தண்ணீர் கொடுத்தது ஒன்றுகூட இல்லை. பம்பு வைத்தாச்சு, ரிப்பன் வெட்டியாச்சு, மக்கள் குடித்ததோ பழைய விஷம்.

9/ இங்கேதான் ஐஐடி மெட்ராஸ் பேராசிரியர் டி. பிரதீப் குழு வருகிறது. தண்ணீரிலுள்ள பூச்சிக்கொல்லியை வெள்ளி நானோ துகள்களால் நீக்கும் இவர்களுடைய வழி 2007-லேயே சந்தைக்கு வந்திருந்தது. ஆனால் ஆர்சனிக்குக்கான இரும்பில் இரண்டு சிக்கல். மிகச் சிறிய துகள்கள் தண்ணீரோடு ஓடிவிடும், இல்லை வடிகட்டியை அடைத்துவிடும். இன்னொன்று, ஆர்சனிக்கை நன்றாகப் பிடிக்கும் ஃபெர்ரிஹைட்ரைட் என்ற இரும்பு வகை நிலையற்றது. நாளாக ஆக வேறு வடிவத்துக்கு மாறி, பரப்பை இழந்துவிடும்.

10/ தீர்வு கைட்டோசான். நண்டு, இறால் ஓட்டை அமிலத்தில் போட்டால் சுண்ணாம்பு கரையும். காரத்தில் போட்டால் புரதம் போகும். மிச்சம் நிற்பது கைட்டின். அதை இன்னும் வலுவான காரத்தில் வேகவைத்தால் கைட்டோசான் என்ற இயற்கைப் பாலிமர் கிடைக்கும். அதன் வலைப்பின்னலுக்குள் இரும்புத் துகள்களை வளரவிட்டார்கள். கூண்டுக்குள் இருப்பதால் துகள் ஓடாது, வடிவமும் மாறாது. தண்ணீர் மட்டும் உள்ளே போய் வரும்.

11/ இப்படி உயிரிப் பாலிமரோடு சேர்த்து, சாதாரண வெப்பநிலையில், தண்ணீரிலேயே, மணல் போன்ற குருணையாகத் தயாரிக்கும் முறையை 2013-ல் வெளியிட்டார்கள். கூண்டில் அடைத்த ஃபெர்ரிஹைட்ரைட் பற்றிய கட்டுரை 2017-ல் வந்தது. பெரிய உலை வேண்டாம் என்பதால் விலை கட்டுப்படியாகும். 'அம்ரித்' என்ற பெயரில் மேற்கு வங்கம் உள்ளிட்ட மாநிலங்களில் நிறுவினார்கள். 2020-ல் பிரதீப்புக்குப் பத்மஸ்ரீ.

12/ இதுவும் மந்திரமில்லை. எந்தப் பரப்பும் ஒருநாள் நிறைந்துவிடும். நிறைந்தபின் தண்ணீர் தெளிவாகத்தான் வரும், விஷமும் கூடவே வரும். கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. அதனால் பரிசோதனையும், சரக்கை மாற்றுவதும், பிடித்த ஆர்சனிக்கைப் பத்திரமாக அப்புறப்படுத்துவதும் சேர்ந்தால்தான் சிகிச்சை முழுமை. பருய்பூர் சொல்லிக்கொடுத்த பாடம் அது.

13/ உங்கள் வீட்டு வாட்டர் ஃபில்டரில் இருக்கும் கரிக்கும் இதே விதிதான். பெரும்பாலும் தேங்காய்ச் சிரட்டையைச் சுட்டு எடுத்த கரி. அதன் பரப்புக்கும் ஆயுள் உண்டு. "தண்ணி நல்லாதானே வருது டாக்டர்"னு விட்டுடாதீங்க. கார்ட்ரிட்ஜ் கடைசியா எப்போ மாத்தினீங்க? அந்தத் தேதியை இன்னைக்கே ஃபில்டர் மேல எழுதி ஒட்டுங்க.