மிதிக்க முடியாதவங்களுக்காக ஆரம்பிச்ச சைக்கிள் பயணம்

போன எபிசோடுல எம்.எஸ். சைக்கிள் ரைடு பத்தி போற போக்குல ரெண்டு வரி சொல்லியிருந்தேன். அதுக்கு வந்த மெசேஜ்ல பாதி ஒரே கேள்விதான். "ஒரு நோயோட ஆராய்ச்சிக்குக் காசு குடுக்கணும்னா குடுத்துட்டுப் போக வேண்டியதுதானே? எதுக்கு ரெண்டு நாள் வெயில்ல சைக்கிள் மிதிக்கணும்?"

நியாயமான கேள்வி. ரத்த தானத்துக்கும் ரத்தத்துக்கும் சம்பந்தம் இருக்கு. சைக்கிளுக்கும் நரம்பு நோய்க்கும் என்ன சம்பந்தம்? முதல்ல ஒரு சம்பந்தமும் இல்லைன்னுதான் நானும் நினைச்சேன். படிக்கப் படிக்க, 1890-ல ஒரு ஜெர்மன் கண் டாக்டர்கிட்ட போய் நின்னுச்சு. அந்தக் கதைதான் இன்னைக்கு.

உறை உரிஞ்ச வயர்

முதல்ல நோய் என்னன்னு பார்த்துடலாம். மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ், சுருக்கமா எம்.எஸ். நம்ம நரம்புகள் மேல மயலின்னு ஒரு கொழுப்பு உறை இருக்கு. கரண்ட் வயர் மேல பிளாஸ்டிக் உறை இருக்கிற மாதிரி. எம்.எஸ். வந்தவங்களுக்கு அவங்களோட சொந்த நோய் எதிர்ப்பு செல்களே இந்த உறையைத் தாக்கி அரிக்குது. மூளை, தண்டுவடம், கண் நரம்பு மூணுலயும் அங்கங்க தழும்பு விழுது. தழும்பு எங்க விழுதோ அதைப் பொறுத்து ஒருத்தருக்குப் பார்வை மங்கும், இன்னொருத்தருக்குக் கால் மரத்துப் போகும், வேற ஒருத்தருக்கு நடை தள்ளாடும். பெரும்பாலானவங்களுக்கு 20-லிருந்து 40 வயசுக்குள்ள ஆரம்பிக்குது. ஆண்களைவிட பெண்களுக்கு இரண்டு மூணு மடங்கு அதிகம். 2020 கணக்குப்படி உலகம் முழுக்க சுமார் 28 லட்சம் பேருக்கு இருக்கு.

1868-ல பாரிஸ் சால்பெத்ரியேர் மருத்துவமனையில ஜான் மார்ட்டின் ஷார்கோதான் இதைத் தனி நோய்னு முறையா விவரிச்சவர். இறந்துபோன நோயாளிகளோட மூளையில பார்த்த தழும்புகளையும், அவங்க உயிரோட இருந்தப்போ பட்ட கஷ்டங்களையும் அவர் பொருத்திப் பார்த்தார்.

உத்தாஃப் பார்த்தது

இப்போ அந்தக் கண் டாக்டர். பேர் வில்ஹெல்ம் உத்தாஃப். எம்.எஸ். நோயாளிகளோட கண்ணைத் தொடர்ந்து பரிசோதிச்சவர், 1890-ல ஒரு விஷயத்தைப் பதிவு பண்றார். சில பேருக்கு, உடம்பை அலட்டிக்கிட்ட உடனே பார்வை மங்குது. கொஞ்ச நேரம் உட்கார்ந்தா திரும்ப வந்துடுது. உழைப்புதான் காரணம்னு அவர் எடுத்துக்கிட்டார்.

உண்மையான காரணம் சூடுன்னு பிற்காலத்துல தெரிஞ்சது. உறை போன நரம்புல சிக்னல் ஏற்கனவே தடுமாறித்தான் போகுது. உடம்புச் சூடு அரை டிகிரி ஏறினாலே அந்த சிக்னல் சில இடத்துல நின்னுடும். சூடு இறங்கினா திரும்ப ஓடும். புதுசா எந்தச் சேதமும் நடக்கலை. இதுக்குப் பேரே இன்னைக்கும் உத்தாஃப் நிகழ்வு. எம்.ஆர்.ஐ. வர்றதுக்கு முன்னாடி, சந்தேகப்பட்டவங்களைச் சுடுதண்ணித் தொட்டியில உட்கார வெச்சு, அறிகுறி வெளிய வருதான்னு பார்த்துத்தான் நோயை உறுதி பண்ணியிருக்காங்க.

ஆனா நோயாளிகளுக்குப் போய்ச் சேர்ந்த அறிவுரை வேற. "அலட்டிக்காதீங்க. ஓடாதீங்க. ரெஸ்ட் எடுங்க." மருந்தே இல்லாத காலத்துல ஒரு டாக்டருக்கு இதைவிட்டா சொல்லவும் பெருசா ஒண்ணும் இல்லை. அப்படியே தலைமுறை தலைமுறையா அந்தப் பேச்சு நின்னுடுச்சு. 25 வயசுல நோய்னு தெரிஞ்ச ஒருத்தங்க, மீதி வாழ்க்கை முழுக்க உட்காரணும்.

ஒரு வரி விளம்பரம்

அடுத்த காட்சி நியூயார்க். சில்வியா லாரின்னு ஒரு பெண். அவங்க தம்பி பெர்னார்டுக்கு எம்.எஸ். எந்த டாக்டர்கிட்டப் போனாலும் வழி இல்லைன்னுதான் பதில். 1945 மே 1-ஆம் தேதி நியூயார்க் டைம்ஸ் பத்திரிகையில வரி விளம்பரம் ஒண்ணு குடுக்கிறாங்க. விஷயம் இதுதான்: இந்த நோய் வந்து குணமானவங்க யாராவது இருந்தா ஒரு நோயாளியைத் தொடர்பு கொள்ளணும்.

50-க்கும் மேல பதில் வந்துச்சு. அதுல ஒருத்தர்கூட குணமானவர் இல்லை. எழுதினவங்க எல்லாருமே நோயாளிகள், இல்லைன்னா அவங்க குடும்பம். உங்களுக்கு ஏதாவது தெரிஞ்சா எங்களுக்கும் சொல்லுங்கன்னு கேட்டு எழுதியிருந்தாங்க.

அந்தக் கடிதங்களை வெச்சுக்கிட்டு 1946 மார்ச்சுல லாரி ஒரு சங்கம் ஆரம்பிச்சாங்க. இன்னைக்கு அமெரிக்காவுல இருக்கிற நேஷனல் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சொசைட்டி அதுதான். அவங்க குடுத்த முதல் ஆராய்ச்சி நிதி கொலம்பியா பல்கலைக்கழகத்துல இருந்த எல்வின் கபாட்டுக்குப் போச்சு. எம்.எஸ். நோயாளிகளோட தண்டுவட நீர்ல நோய் எதிர்ப்புப் புரதம் அசாதாரணமா இருக்குன்னு அவர் காட்டினார். இந்த நோய்ல எதிர்ப்பு சக்திக்குப் பங்கு இருக்குங்கிறதுக்குக் கிடைச்ச முக்கியமான தடயம் அது. அந்த வழியில வளர்ந்த தண்டுவட நீர்ப் பரிசோதனை இன்னைக்கும் நடக்குது.

லாரி அரசாங்கத்தையும் விடலை. செனட்டர் சார்லஸ் டோபியோட மகளுக்கும் எம்.எஸ். இருந்துச்சு. 1949-ல செனட் கமிட்டி முன்னாடி விசாரணை நடந்துச்சு. 1950-ல நரம்பு நோய்களுக்குன்னே ஒரு தேசிய ஆராய்ச்சி நிறுவனம் உருவாச்சு. இப்போ என்.ஐ.என்.டி.எஸ்.னு சொல்றாங்களே, அது. இந்தப் பேரை ஞாபகம் வெச்சுக்கோங்க, கடைசியில திரும்ப வரும்.

1980, மின்னசோட்டா

அறிவியல் நகர்ந்துச்சு, ஆனா மெதுவா. 1980-லகூட நோய் முத்தாம தடுக்கிற மருந்துன்னு ஒண்ணுகூட அங்கீகாரம் வாங்கலை. அந்த வருஷம்தான் மின்னசோட்டா மாநிலத்துல முதல் எம்.எஸ். 150 நடக்குது. ரெண்டு நாள், 150 மைல், அதாவது சுமார் 240 கிலோமீட்டர். மதுரையில கிளம்பி கன்னியாகுமரி போய்ச் சேர்ற தூரம்னு வெச்சுக்கோங்க.

ஏற்பாடு ரொம்ப எளிமை. ஓட்டுறவர் தனக்குத் தெரிஞ்சவங்க எல்லார்கிட்டயும் போய், நான் இவ்வளவு தூரம் ஓட்டப் போறேன், ஆதரவா ஏதாவது குடுங்கன்னு கேட்கணும். இங்கதான் உங்க கேள்விக்கு முதல் பதில் இருக்கு. நீங்க தனியா 100 டாலர் அனுப்பினா அது 100 டாலர்தான். நீங்க ஓட்டினா, 40 பேர்கிட்ட போய் "எம்.எஸ்."ங்கிற வார்த்தையைச் சொல்லியே ஆகணும். அதுல பல பேர் அந்த வார்த்தையை அன்னைக்குத்தான் முதல் தடவை கேட்பாங்க. சில பேர் கொஞ்சம் தயங்கிட்டு, எங்க அக்காவுக்கு இருக்குன்னு மெதுவா சொல்லுவாங்க.

டெக்சாஸ்ல 1985-ல சில நூறு பேரோட ஆரம்பிச்ச ஹூஸ்டன் – ஆஸ்டின் ரைடு, பின்னாடி ஒரே வார இறுதியில 13,000 பேர் ஓட்டுற அளவுக்குப் போச்சு. முதல் நாள் ராத்திரி லா கிரேஞ்சுங்கிற சின்ன ஊர்ல டென்ட் அடிச்சுத் தங்கல். பத்துப் பதினஞ்சு மைலுக்கு ஒரு இடத்துல வாழைப்பழமும் தண்ணியும் ஐஸும் வெச்சுக்கிட்டு தன்னார்வலர்கள் நிப்பாங்க. சைக்கிள் பஞ்சரானாலும் ஆள் பஞ்சரானாலும் ஏத்திக்கிட்டுப் போக வண்டி பின்னாடியே வரும். அமெரிக்கா முழுக்க இந்த ரைடுகள் இதுவரைக்கும் திரட்டின தொகை 100 கோடி டாலரைத் தாண்டிடுச்சு.

ஆனா ஒண்ணு யோசிங்க. ஆரம்ப காலத்துல இந்த ரைடோட உள்ளர்த்தம் என்ன? உங்களால மிதிக்க முடியாது, அதனால உங்களுக்குப் பதிலா நாங்க மிதிக்கிறோம். நல்ல மனசுதான். ஆனா அந்த வாக்கியத்துல நோயாளி எங்க இருக்கார்? முடிவுக் கோட்டுப் பக்கத்துல நாற்காலியில உட்கார்ந்து கை தட்டிக்கிட்டு இருக்கார். உத்தாஃப் காலத்து அறிவுரை அப்பவும் அவரை எழுந்திரிக்க விடலை.

54 பேர், 15 வாரம்

1990-கள்ல ரெண்டு விஷயம் மாறுது.

முதல்ல மருந்து. 1993-ல இன்டர்ஃபெரான் பீட்டா 1பி, நோயோட போக்கை மாத்துற முதல் மருந்தா அமெரிக்காவுல அங்கீகாரம் வாங்குச்சு. தேவைக்கு ஏத்த சப்ளை இல்லை. யாருக்கு முதல்ல ஊசி கிடைக்கும்னு குலுக்கல் போட்டு முடிவு பண்ணாங்க. மருந்துக்குக் குலுக்கல்! எவ்வளவு பேர் எத்தனை வருஷமா காத்துக்கிட்டு இருந்திருப்பாங்கன்னு அதுலயே தெரியும்.

ரெண்டாவது விஷயம் செய்தியில அவ்வளவா அடிபடலை. யூட்டா பல்கலைக்கழகத்துல ஜாக் பெட்டஜனும் அவரோட குழுவும் 54 எம்.எஸ். நோயாளிகளை எடுத்துக்கிட்டாங்க. பாதிப் பேருக்கு 15 வாரம், வாரத்துக்கு மூணு தடவை, 40 நிமிஷம் பயிற்சி. என்ன பயிற்சி தெரியுமா? கையையும் காலையும் சேர்த்து மிதிக்கிற எர்கோமீட்டர், அதாவது நின்ன இடத்துலயே ஓட்டுற சைக்கிள் மாதிரி ஒரு இயந்திரம். மீதிப் பேருக்குப் பயிற்சி இல்லை. 1996-ல முடிவு வெளியாச்சு. மிதிச்சவங்களோட உடல் ஆக்சிஜனைப் பயன்படுத்துற திறன் 22 சதவீதம் கூடியிருந்துச்சு. கை கால் பலமும் மனநிலையும் மேம்பட்டுச்சு. பயிற்சியால நோய் முத்தும்னு பயந்தது நடக்கலை.

நூறு வருஷத்து "ரெஸ்ட் எடுங்க" அங்க ஆட்டம் கண்டுச்சு. அடுத்தடுத்து வந்த ஆய்வுகளும் அதே பக்கம்தான் போச்சு. இன்னைக்கு எம்.எஸ். டாக்டர்கள் முடிஞ்ச அளவுக்கு உடற்பயிற்சி பண்ணச் சொல்றாங்க. சூட்டை மட்டும் பார்த்துக்கணும்.

அந்த ஜெர்சி

இந்த மாற்றம் ரோட்டுல எப்படித் தெரியுதுன்னு சொல்றேன். இந்த ரைடுகள்ல எம்.எஸ். இருக்கிறவங்களே ஓட்டினா அவங்களுக்குன்னு தனி ஜெர்சி உண்டு. நான் எம்.எஸ்.ஸோட ஓட்டுறேன்னு அதுல எழுதியிருக்கும்.

டெக்சாஸ் ரைடுல எங்க ஆபீஸ் டீமோட நானும் ஒரு தடவை ஓட்டியிருக்கேன். மத்தியானம் ஒரு ஸ்டாப்புல அந்த ஜெர்சி போட்ட அம்மா ஒருத்தங்க, ஐம்பது வயசு இருக்கும், கழுத்துல ஐஸ் துண்டோட நிழல்ல உட்கார்ந்திருந்தாங்க. ஏதாவது உதவி வேணுமான்னு கேட்டேன். "மேடு ஏறினா வலது கண்ணு மங்கும். இறங்கி ஐஸ் வெச்சுக்குவேன். தெளிஞ்சதும் கிளம்பிடுவேன், அவ்வளவுதான்"னு சொன்னாங்க. இருபது நிமிஷத்துல கிளம்பிட்டாங்க. உத்தாஃப் பார்த்த அதே அறிகுறி. அவர் காலத்துல அது உட்காரச் சொல்ற சிக்னல். இவங்களுக்கு அது ரேடியேட்டர் சூடான மாதிரி ஒரு சின்ன பிரேக்.

கணக்கு இன்னும் முடியலை

எல்லாம் சுபம்னு முடிச்சுடலாம்னு பார்த்தா, முடியாது. மருந்துகள் நிறைய வந்துடுச்சு. 2010-ல முதல் மாத்திரை வந்துச்சு. 2017-ல ஆக்ரிலிசுமாப், விடாம மோசமாகிக்கிட்டே போற வகைக்கு அங்கீகாரம் கிடைச்ச முதல் மருந்து. ஆனா விலை? ஆரம்பத்துல வருஷத்துக்கு 8,000-லிருந்து 11,000 டாலர் வரைக்கும் இருந்த முதல் தலைமுறை மருந்துகளே அமெரிக்காவுல சுமார் 60,000 டாலர் ஆயிடுச்சுன்னு 2015-ல வந்த ஒரு ஆய்வு காட்டுச்சு. புதுசா மருந்து வந்தா பழைய மருந்தோட விலை இறங்கணும். இங்க பழசும் சேர்ந்து ஏறிக்கிட்டே போச்சு. அதை சைக்கிள் மிதிச்சு சரி பண்ண முடியாது. அது வேற சண்டை.

ஆனா ஆராய்ச்சிப் பக்கம் ஒரு நல்ல செய்தி. 2022 ஜனவரியில ஹார்வர்டுல ஆல்பெர்ட்டோ அஷேரியோ குழு ஒரு முடிவை வெளியிட்டாங்க. அமெரிக்க ராணுவத்துல இருந்த ஒரு கோடிப் பேரோட பதிவுகளையும், சேமிச்சு வெச்சிருந்த ரத்த மாதிரிகளையும் வெச்சுப் பண்ண ஆய்வு. எப்ஸ்டீன்–பார்ங்கிற சாதாரண வைரஸ் தொற்று வந்த பிறகு எம்.எஸ். வர்ற அபாயம் 32 மடங்கு கூடுது. அந்த வைரஸ் பெரும்பாலான மனுஷங்களுக்கு வருது, அதுல ரொம்பக் கொஞ்சம் பேருக்குத்தான் எம்.எஸ். வருது. ஏன்னு இனிமேதான் கண்டுபிடிக்கணும். ஆனா நோயோட தொடக்கத்துக்கு இவ்வளவு பக்கத்துல இதுக்கு முன்னாடி போனதில்லை. இந்த ஆய்வுக்கு நிதி குடுத்தவங்கள்ல ரெண்டு பேரைச் சொல்றேன். ஒண்ணு, ஞாபகம் வெச்சுக்கச் சொன்னேனே, அந்த என்.ஐ.என்.டி.எஸ். இன்னொண்ணு, சில்வியா லாரி ஆரம்பிச்ச அதே சொசைட்டி.

ஆக, எதுக்கு சைக்கிள்னு கேட்டீங்க. காசு ஒரு காரணம், நாலு பேர்கிட்ட பேச வைக்குதுங்கிறது இன்னொரு காரணம். மூணாவதைத்தான் நான் முக்கியமா நினைக்கிறேன். உன்னால முடியாதுன்னு எந்த விஷயத்தைச் சொல்லி இவங்களை உட்கார வெச்சாங்களோ, அதையே இன்னைக்கு ரோட்டுல எல்லார் கண்ணு முன்னாடியும் செஞ்சு காட்டுறாங்க. எல்லா நோயாளியாலயும் முடியாதுதான். முடியாதவங்களுக்காக மத்தவங்க இன்னும் மிதிக்கத்தான் செய்றாங்க. 1945-ல லாரி கேட்டது குணமான ஒருத்தரை. அப்படி ஒருத்தர் இன்னும் கிடைக்கலை. ஆனா நோயோடவே 240 கிலோமீட்டர் ஓட்டுறவங்க ஒவ்வொரு வருஷமும் வர்றாங்க.

நம்ம ஊர்லயும் மல்டிபிள் ஸ்க்ளிரோசிஸ் சொசைட்டி ஆஃப் இந்தியா 1985-லிருந்து இயங்குது. தெரிஞ்சவங்க யாருக்காவது தேவைப்பட்டா சொல்லிவிடுங்க. அடுத்த எபிசோடுல பார்ப்போம்.