கந்தையில் எழுதிய வரலாறு

மன்னர்கள் தம் வெற்றியைக் கல்லில் வெட்டினர். கொடையைச் செப்பேட்டில் பொறித்தனர். கல்லும் செம்பும் வாய்க்கப் பெறாத எளியோர் தம் நினைவை எதில் எழுதினர்? உடுத்திப் பழகிய துணியில் எழுதினர். பழைய டி-ஷர்ட்டுகளை வெட்டி இணைத்து நினைவுப் போர்வை தைக்கும் வழக்கம் இன்று மேலைநாடுகளில் பரவியுள்ளது. அதைப் புதுமோகம் என்று ஒதுக்குவோர், அதன் வேர் எவ்வளவு ஆழமானது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியகுளத்து மலைச்சரிவில் ஏறி நின்று ஜெயமங்கலத்துப் பக்கம் நோக்குவோர்க்கு, வராக நதி வளப்படுத்தும் நெல்வயல்கள் வரப்புகளால் தைத்த போர்வைபோலத் தோன்றும். இவ்வுவமை மிகப் பழையது. புத்தர் மகத நாட்டு வயல்களைச் சுட்டிக்காட்டி, துறவியர் ஆடையையும் அவ்வாறே துண்டுகளை இணைத்துத் தைக்குமாறு ஆனந்தரிடம் கூறியதாகப் பௌத்த விநய நூல் உரைக்கிறது. பிறர் எறிந்த துணியை எடுத்து உடுத்துவது அத்துறவியரின் நெறியாகவும் இருந்தது.

வங்காளத்துப் பெண்கள் பழைய புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி விரித்து, புடவைக் கரையிலிருந்து உருவிய நூலாலேயே தையலிட்டுப் போர்வை செய்தனர். அதன் பெயர் காந்தா. நம் 'கந்தை' என்னும் சொல் அதற்கு உறவுச் சொல்லே. பிறந்த குழந்தையைப் பாட்டியின் பழம்புடவைத் தூளியில் இடும் நம் வழக்கத்திலும் இதே உணர்வு உண்டன்றோ? பழகிய துணி மென்மையானது மட்டுமன்று. அது ஓர் உறவின் தொடுகை.

கருநாடகத்தின் வடகன்னட மாவட்டக் காடுகளில் சித்தி மக்கள் வாழ்கின்றனர். போர்த்துக்கீசியரும் பிறரும் அடிமைகளாகக் கொண்டுவந்த ஆப்பிரிக்கரின் வழித்தோன்றல்கள் அவர்கள். அவர்களுள் இந்துக்களும் இசுலாமியரும் கத்தோலிக்கரும் உளர். 2003-ஆம் ஆண்டில்தான் அவர்கள் பழங்குடிப் பட்டியலில் இடம்பெற்றனர். அப்பெண்கள் குடும்பத்தாரின் பழைய உடைகளைத் துண்டுகளாக்கி, ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்லும் போர்வைக்குக் 'கவந்தி' என்று பெயர். நான்கு மூலைகளிலும் சிறு துணிமலர்களை வைத்தாலன்றி அது முற்றுப்பெறாது. கத்தோலிக்கப் பெண்களின் கவந்திகள் சிலவற்றில் சிலுவை வடிவமும் இடம்பெறும். அடிமைச் சந்தையில் பெயரிழந்த ஓர் இனம், கந்தையில் தன் முகத்தை மீட்டெடுத்தது எனலாம்.

இனி டி-ஷர்ட்டின் கதைக்கு வருவோம். 1913-இல் அமெரிக்கக் கடற்படை தன் வீரர்க்கு உள்ளாடையாக வழங்கியது இது. பின்னர் அதன் மார்பில் எழுத்தும் படமும் அச்சாயின. திருப்பூரின் பின்னலாடைகள் உலகெங்கும் செல்லும் இந்நாளில், அணிபவரின் கல்லூரியையும் குழுவையும் விருப்பையும் எடுத்துரைக்கும் பேசும் ஆடையாக அது விளங்குகிறது. எனவேதான் அது நினைவுச் சின்னமாகவும் ஆயிற்று.

1985-இல் சான் பிரான்சிஸ்கோவில் நடந்த மெழுகுதிரி ஊர்வலத்தில், எய்ட்ஸ் நோயால் இறந்தோரின் பெயர்களை அட்டைகளில் எழுதிச் சுவரில் ஒட்டினர். கிளீவ் ஜோன்ஸ் என்பவருக்கு அச்சுவர் ஒட்டுப்போர்வையாகத் தோன்றியது. அவ்வெண்ணத்தினின்று எய்ட்ஸ் நினைவுப் போர்வை பிறந்தது. ஒவ்வொருவருக்கும் மூன்றடி அகலம், ஆறடி நீளம். ஏறத்தாழ ஒரு கல்லறையின் அளவு. உறவினரும் நண்பரும் இறந்தவரின் டி-ஷர்ட்டையும் பிற உடைகளையும் அதில் தைத்தனர். 1987 அக்டோபர் 11 அன்று வாஷிங்டனில் விரிக்கப்பட்டபோது 1,920 பகுதிகள் இருந்தன. இன்று ஏறத்தாழ 50,000. எடை 54 டன். அடக்கச் சடங்கே மறுக்கப்பட்டவர்களும் அவர்களுள் இருந்தனர். ஊர் உச்சரிக்க நாணிய பெயர்களை ஊசியும் நூலும் உரக்கச் சொல்லின.

நமக்கு இது தொலைவிலுள்ள செய்தியன்று. இந்நோய்க்கிருமி இந்தியாவில் முதன்முதல் கண்டறியப்பட்டது 1986-இல், நம் சென்னையில்தான். தேனிப் பகுதியும் அதனால் கண்ணீர் சிந்தியது. எத்தனை பெயர்கள் நம் இல்லங்களில் வெட்கத்தால் மறைக்கப்பட்டன!

இப்போர்வையைத் தைக்கப் பெருஞ்செலவு இல்லை. பின்னல் துணி இழுபடுமாதலால், சட்டைக் கழுத்துப்பட்டிக்குள் தையற்காரர் வைப்பதைப் போன்ற மெல்லிய ஒட்டுத்துணியை இஸ்திரியிட்டுப் பின்புறம் ஒட்டியபின், சம அளவுச் சதுரங்களாக வெட்டுவர். சதுரங்களை இணைத்து, அடியில் பஞ்சுப்படலமும் பருத்தித்துணியும் சேர்த்துத் தைப்பர். நம் ஊர்த் தையற்காரர்க்கு இஃது அரிதன்று. வெட்டத் துணிவதே கடினம். மறைந்தவரின் சட்டையில் கத்தரிக்கோலை வைக்கும் கை நடுங்காதா?

யோப்பா நகரில் தபித்தா இறந்தபோது, கைம்பெண்கள் பேதுருவிடம் அவரைப் பற்றி எவ்விதம் பேசினர் என்பதைத் திருத்தூதர் பணிகள் நூல் காட்டுகிறது. அவர் உயிரோடிருந்தபோது செய்த உடைகளை அழுதுகொண்டே காட்டினர். அவர் வாழ்வுக்கு அத்துணிகளே சான்று கூறின.

நம் வீட்டுப் பெட்டியடியிலும், வேளாங்கண்ணிக்கு நடந்த ஆண்டின் டி-ஷர்ட் ஒன்று, வாலிபத்தில் மறைந்த மகனின் விளையாட்டுக்குழுச் சட்டை ஒன்று கிடக்கலாம். அவற்றை எடுத்துத் தையுங்கள். தைக்கும்போது பெயரைச் சொல்லுங்கள். குளிரில் நடுங்கும் பேரக்குழந்தை அதைப் போர்த்திக்கொண்டு, "இது யாருடைய சட்டை?" என்று கேட்கும். அக்கேள்விக்கு நீங்கள் சொல்லும் விடையில் மறைந்தவர் மீண்டும் குடும்பத்தில் இடம் பெறுவார்.